ஒரு வாய் கூடுதல்

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது ஒரு எடைக்கல்லின் அடியில் இருக்கும் குழி. இரும்பு எடைக்கல்லை என்றாவது கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் விரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும். அதில் ஈயத்தை அடைத்து, ஈயத்தின் மேல் முத்திரை குத்தியிருப்பார்கள். கல் சரியான எடைக்கு வருவதற்காக அந்த ஈயம். ஏமாற்ற நினைக்கும் கடைக்காரர் அதைச் சுரண்டி எடுப்பார். கல் இளைக்கும், வாங்குபவருக்குச் சரக்கு குறையும்.

நான் சுரண்டவில்லை, சேர்த்தேன். எங்கள் சமையலறை மேசையில் இருக்கும் மூன்று கற்களிலும் சேர்த்தேன். கல் கனத்தது, எதிர்த்தட்டில் வைக்கும் சாப்பாடும் அதற்கேற்பக் கூடியது. என் கணவர் வேளைக்கு ஒரு வாய் அதிகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அது அவருக்குத் தெரியாது.

கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பதுதான் என் கணவரின் வேலை. சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும், காத்திருக்கிறேன்.

அவர் எடை போட்டுச் சாப்பிடுவது வறுமையால் அல்ல, நோயாலும் அல்ல. சாப்பாட்டைக் குறைத்தால் முதுமை மெதுவாக வரும் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கும் என் ஈயத்துக்கும் நடுவில் நடந்ததுதான் கதை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் எழுதும் எதையும் முதலில் வாசிப்பவர் அவர்தான், அதுவும் பென்சிலோடு. அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. மெய்ப்புப் பார்ப்பவளின் பிழையைக் கண்டுபிடிப்பதில் அவருக்குத் தனி சந்தோஷம். அதனால் நான் ‘வாசகர்களே’ என்று கூப்பிடும்போதெல்லாம் முதல் வரிசையில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறக்கவேண்டாம். செய்ததை வாயால் சொல்ல வரவில்லை, அதனால் கதையாக எழுதுகிறேன். இது வருத்தம் தெரிவிக்கும் கதை இல்லை, அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

2

கைவிட்ட தொடக்கம் ஒன்று:

ஆய்வுக்கூடத்தில் இரண்டு எலிகள் இருந்தன. ஒன்றுக்கு வயிறு நிறையத் தீனி, இன்னொன்றுக்கு அரை வயிறு. அரை வயிற்று எலி நீண்ட நாள் உயிரோடு இருந்தது. அந்த நீண்ட நாட்களில் அது

அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. தீனித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும் என்று எழுதினேன். எலிகள் மேல் பழி போடுகிறேன் என்று பட்டது, அடித்துவிட்டேன்.

கைவிட்ட தொடக்கம் இரண்டு:

அவள் நடுங்கும் விரல்களால் அந்தக் கல்லை எடுத்தாள். அவள் நெஞ்சு

பொய். என் விரல் நடுங்கவே இல்லை. எந்திரம் மாதிரி வேலை செய்தேன்.

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நடந்தது.

கண் மருத்துவமனையில் அவருக்குப் பரிசோதனை. எனக்கும் அவருக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அவருக்கு ஐம்பது தாண்டியபிறகு கல்யாணம் செய்துகொண்டோம், இரண்டு பேருக்குமே அது முதல் கல்யாணம். வரவேற்பு மேசையில் இருந்த பெண் நல்ல பெண், சிரித்த முகம். என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“மேடம், உங்க அப்பாவோட ரிப்போர்ட் வந்துடுச்சு. மெதுவா உள்ள கூட்டிட்டுப் போங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து நின்று கையை நீட்டினார். “வாம்மா. அப்பாவைப் பிடிச்சுக்க. படி இருக்கு பாரு.”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

“பிடிக்கலையா?”

“பிடிச்சிருக்கு. போதும்.”

அவர் வாயிலிருந்து சாப்பாட்டைப் பற்றி ‘போதும்’ என்ற சொல்லை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

3

நியாயமாக அவர் பக்கத்தையும் சொல்லவேண்டும். வயிற்றைச் சுருக்கினால் ஆயுள் நீளும் என்பது அவருடைய சொந்தக் கிறுக்கு இல்லை. புழுக்களிடமும் எலிகளிடமும் செய்து பார்த்திருக்கிறார்கள், பலித்திருக்கிறது. குரங்குகளிடம் ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் முடிவு வந்திருக்கிறது. மனிதர்களுக்கு ரத்த அழுத்தமும் கொழுப்பும் இறங்குவதைக் கண்டிருக்கிறார்கள். ஆயுள் கூடுகிறதா என்று பார்க்க ஒரு ஆயுள் முழுக்கக் காத்திருக்கவேண்டும், அதற்குள் பார்க்கிறவரே போய்ச் சேர்ந்துவிடுவார். இதையெல்லாம் படித்து முடித்த என் கணவர், கலோரியைக் கணக்குப் போட்டு, கணக்கை கிராமுக்கு மாற்றி, பரணிலிருந்து ஒரு தட்டுத் தராசை இறக்கித் துடைத்து மேசையில் வைத்தார். இரும்புக் கற்கள் மூன்று, அவற்றைவிடச் சிறிய பித்தளைக் கற்கள் ஒரு பெட்டி. எல்லாம் அவரே சோதித்து அவர் கையாலேயே முத்திரை குத்தியவை.

(பேட்டரியில் ஓடும் தராசு மலிவாகவே கிடைக்கும் என்று சொல்லிப்பார்த்தேன். “நம்பரைக் காட்டறது வேற, எடையைக் காட்டறது வேற” என்றார். இந்த வரியை அவர் பெருமையோடு வாசிப்பார். வாசிக்கட்டும், அடுத்த பக்கங்களில் அவருக்குப் பெருமை குறைவு.)

அன்றிலிருந்து ரொட்டி ஒரு தட்டில், கல் ஒரு தட்டில். வேகவைத்த பயறு ஒரு தட்டில், கல் ஒரு தட்டில். முள் நடுவில் வந்து நிற்கும்வரை உருளைக்கிழங்கை நறுக்கி நறுக்கி எடுப்பார். மிஞ்சிய துண்டு என் தட்டுக்கு வரும்.

“எதுக்குங்க இதெல்லாம்?”

“உன்னைத் தனியா விட்டுட்டுப் போகக்கூடாது. அதுக்குத்தான்.”

“இப்பவே தனியாத்தான் சாப்பிடறேன்.”

“எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன்.”

“உட்கார்ந்திருக்கீங்க. சாப்பிடலையே.”

அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பதினஞ்சு வருஷம் முன்னாடியே பொறந்து தொலைச்சுட்டேன். அதை எங்கேயாவது பிடிச்சாகணும்ல.”

அன்பு அந்தப் பக்கம் நிற்கும்போது எதிர்க்கட்சி நடத்துவது கஷ்டம். முதுமைக்கு எதிராக அவர் கொடி பிடிப்பதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அந்தப் பெண் அப்பா என்று சொன்னதற்குத் தலையைக் குனிந்துகொண்டு போயிருந்தால் இவரை எனக்குப் பிடித்திருக்காது. ஆனால் அவர் கொடி நட்டிருப்பது என் சாப்பாட்டு மேசையின் நடுவில்.

இவரை நான் எப்படிச் சந்தித்தேன் என்று சொன்னால் என் கோபம் புரியும். ஒரு பழக்கடையில் எடை குறைவு என்று சண்டை போட்டு, அது தீராமல் இவருடைய அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். உடனே பையைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தார். கல்லைக் கவிழ்த்தார், அடியில் ஈயம் பாதி இல்லை. அந்தக் கல்லைப் பறிமுதல் செய்துவிட்டுத் திரும்பும் வழியில், “பசிக்குதுங்க. உங்களுக்கு?” என்று கேட்டார். ஆளுக்கு ஒரு ரொட்டி ஆம்லெட். அவர் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவசரமில்லை, ஆனால் ஒரு துணுக்கையும் விடவில்லை. கடைசித் துண்டு ரொட்டியால் தட்டை ஒரு சுற்றுத் துடைத்து, வாயில் போட்டுக்கொண்டு, உலகத்தோடு சமாதானமாகிவிட்டவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தார். நான் விழுந்தது அங்கேதான். அவர் அழகானவர் இல்லை, பணக்காரர் இல்லை. ஆனால் அப்படிச் சாப்பிடுகிறவரோடு வாழ்நாள் முழுவதும் எதிரெதிரே உட்காரலாம் என்று தோன்றியது. அந்த ஆளைத்தான் இவர் கிராம் கிராமாகக் கழித்துக்கொண்டிருந்தார்.

4

ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு இதை அனுப்பினால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். “உங்க கேரக்டர் நம்பற மாதிரி இல்லையே. தராசு சோதிக்கிறவருக்குத் தன் வீட்டுக் கல்லு தெரியாதா?”

எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. எழுதுவதற்கு முன்பே வந்தது, ஈயத்தை உருட்டும்போதே. அதனால் கையில் பதில் இருக்கிறது.

ஒவ்வொரு வேளையும் அவர் வெறும் தட்டுகளைப் பார்ப்பார். நகத்தால் தண்டை ஒரு தட்டுத் தட்டி, முள் ஆடி அடங்கும்வரை காத்திருப்பார். அதில் ஒரு மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே தராசைத் தொடக்கூடாது. கல்லை அவர் கவிழ்ப்பதில்லை, அவரே முத்திரை குத்திய கல்லை எதற்குக் கவிழ்ப்பது?

ஆனால் உண்மையான காரணம் வேறு. வருடக்கணக்காக அவருடைய தொழிற்கதைகளைச் சாப்பாட்டோடு கேட்டவள் நான். ஒருநாள், இந்த எண்ணமெல்லாம் வருவதற்கு வெகு முன்பு, சும்மா கேட்டேன்.

“இத்தனை வருஷத்துல யாராவது கல்லைக் கனமாக்கி வெச்சுப் பார்த்திருக்கீங்களா?”

“எதுக்கு?”

“சும்மா கேக்கறேன்.”

“கூடக் குடுக்கறதுக்கா? கடைக்காரனுக்கு என்ன பைத்தியமா?”

அவ்வளவுதான் பதில். அவருடைய கண் குறைவைத் தேடிப் பழகிய கண். கூடுதலாக ஒருவர் தருவார் என்பது அந்தக் கண்ணுக்கு எட்டாத இடம். நான் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

(பழைய பேப்பர் வாங்குகிறவர்கள் கனத்த கல் வைத்திருப்பார்களே என்று கேட்கும் வாசகர் கெட்டிக்காரர். அவர் சொல்வது சரி. அப்படி வாங்குகிற கடைகளெல்லாம் வேறொரு அதிகாரியின் பொறுப்பு. என் கணவர் ஆயுள் முழுக்க விற்கிற கடைகளையே பார்த்தவர்.)

5

ஈயம் வைக்க முடிவு செய்தது ஒரு மாடிப்படியில். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. காய்கறிப் பையோடு முன்னால் போனவரை இரண்டாவது மாடித் திருப்பத்தில் பிடித்தேன். படியில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. சும்மா வேடிக்கை பார்க்கறேன்.”

எதிரில் சுவர் இருந்தது. வேறு எதுவும் இல்லை. அவருடைய சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் அவர் வேலைக்குப் போனபிறகு, அவருடைய கருவிப் பெட்டியிலிருந்தே ஈயத்தை எடுத்தேன். மெல்லிய வில்லையாகத் தட்டி, குழிக்குள் முத்திரையின் மேல் பதித்து அழுத்தினேன். மெழுகில் கரியைக் குழைத்து மேலே பூசினேன். கவிழ்த்துப் பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். கவிழ்த்தால்தானே.

‘அவர் உடம்பு, அவர் தட்டு, அதில் கைவைக்க நீ யார்?’ என்று கேட்பவர்களுக்கு: நியாயமான கேள்வி. நான் யாரும் இல்லை. தெரிந்துதான் செய்தேன். என்னைக் கேட்காமல் அவர் என் கணவரைப் பாதியாக்கலாம் என்றால், அவரைக் கேட்காமல் நான் கொஞ்சம் திருப்பி வைக்கலாம். இது சட்டப்படி நிற்காது. மேசையில் நிற்கும்.

வேலை செய்தது என்பதுதான் வேடிக்கை. சில வாரங்களில் அவர் பையோடு மூன்று மாடியும் ஏறினார். கன்னத்தில் ஒரு சாயல் திரும்பி வந்தது. “உடம்பு பழகிடுச்சு” என்று நண்பர்களிடம் சொன்னார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். கதையை இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இது ஒரு நகைச்சுவைக் கதையாக

நிறுத்த முடியவில்லை.

ஒரு சாயங்காலம் ரொட்டியை எடை போடப் பெரிய கல்லை எடுத்தவர், அதைத் தட்டில் வைக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“கல்லு கனக்குது” என்றார்.

நான் துடைத்த பாத்திரத்தையே மறுபடியும் துடைத்தேன்.

“கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு. கைக்கு வயசாயிடுச்சு போல.” கல்லைத் தட்டில் வைத்தார். முள் ஆடி அடங்குவதைப் பார்த்தபடியே சொன்னார்: “நான் மெதுவா நடக்கறேன், வயசு வேகமா வருது. இன்னும் குறைக்கணும்.”

வாசகர்களே, அந்த நொடியில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. அவர் கல்லைக் கவிழ்ப்பார், கத்துவார், சரியான கற்களோடு மறுபடியும் அந்தப் படியில் போய் உட்காருவார் என்று பயந்தேன். ஆனால் பயந்ததைவிட மோசமாக நடந்தது. அடுத்த மாதத்திலிருந்து இரும்புக் கற்களை ஓரங்கட்டிவிட்டுப் பித்தளைக் கற்களுக்கு மாறப்போவதாக அறிவித்தார். பித்தளைக் கற்கள் சின்னவை, அவற்றில் குழி கிடையாது. ஈயம் வைக்க எனக்கு ஒரு இடமும் இல்லை. நான் சேர்த்த ஒரு வாய், அவர் தட்டிலிருந்து பல வாய்களைப் பிடுங்கப் பார்க்கிறது.

6

இந்த இடத்தில் பல் டாக்டர் வருகிறார். கதையில் மூன்றாவது ஆள் வேண்டாம் என்றுதான் இருந்தேன், அவராக வந்துவிட்டார்.

என் கணவரைப் போலவே சாப்பாட்டைக் குறைத்து வாழ்கிறவர்கள் மாதம் ஒருமுறை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடுவார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் எல்லோரும் தாராளமாக உட்கார முடிகிறது. அங்கே என் கணவர் ஒரு கதாநாயகன். மற்றவர்களெல்லாம் சோர்ந்து கிடக்க, இவர் மட்டும் இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டு மூன்று மாடி ஏறுகிறாரே என்று வியப்பு. அவருடைய அளவைக் கேட்டு வாங்கி அப்படியே கடைப்பிடிப்பவர் இந்தப் பல் டாக்டர். சரியான தராசில், சரியான கல்லில்.

போன வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். முன்பு பார்த்தபோது வாட்டசாட்டமாக இருந்தவர், சோபாவில் உட்கார்ந்தபோது சோபாவுக்கே தெரியவில்லை.

“சார், கிளினிக்ல மயங்கி விழுந்துட்டேன்.”

“எங்க?”

“பேஷன்ட் மேல.”

(எங்கே விழுந்தார் என்பதில் டாக்டர் தரப்பு பின்னர் மாறியது. எட்டாம் பகுதியைப் பார்க்கவும்.)

“முதல்ல அப்படித்தான் இருக்கும் டாக்டர். பழகிடும்” என்றார் என் கணவர். அதில் கர்வம் இல்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னார்.

“உங்க அளவுலதான் சார் சாப்பிடறேன். ஒரு கிராம் கூடறதில்ல. உங்களால முடியுது, என்னால ஏன் முடியல? எனக்கு மனசுல உறுதி இல்லையா?”

“அப்படியெல்லாம் இல்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க. நான் பித்தளைக் கல்லுக்கு மாறறேன். சேர்ந்தே ஆரம்பிப்போம்.”

டாக்டர் நன்றியோடு தலையாட்டினார். நான் சமையலறையில் நின்றுகொண்டு என் மூன்று கற்களையும் பார்த்தேன். நான் என் கணவர் ஒருவரிடம்தான் பொய் சொன்னேன். அது போய் இன்னொருவரைப் பட்டினி போட்டிருக்கிறது. எங்கள் இருவரின் சண்டையில் இந்தப் பல் டாக்டர் என்ன பாவம் செய்தார்? என் கணவரிடம் எனக்கு வெட்கமில்லை. அந்த டாக்டரின் கழுத்தெலும்பைப் பார்க்கத்தான் முடியவில்லை.

இன்று சனிக்கிழமை.

7

ஆகவே முடிவுகள். எனக்கு முன்னால் மூன்று இருக்கின்றன, மூன்றையும் எழுதிப்பார்த்தேன்.

முடிவு அ: அவர் இறந்துபோகிறார். பித்தளைக் கற்களுக்கு மாறிய சில மாதங்களில். வெறும் தராசின் தட்டுகள் காற்றில் ஆடுகின்றன, நான் ஜன்னலருகே

வேண்டாம். இந்தக் கதையில் யாரும் சாகமாட்டார்கள். குறைவாகச் சாப்பிட்டவரைக் கொன்று, ‘பார்த்தாயா’ என்று விரல் நீட்டும் கதையை எழுத எனக்குக் கை வராது. அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். எலிகள் பொய் சொல்லவில்லை. அவரைத் தோற்கடிக்க மரணத்தைத் துணைக்குக் கூப்பிடுகிற அளவுக்கு நான் மட்டமான ஆள் இல்லை.

முடிவு ஆ: அவருக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும். முதல் நாளே கல்லைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டார். எனக்காகத் தெரியாதது போல அந்த ஒரு வாயைச் சாப்பிட்டுவந்திருக்கிறார். கடைசியில் புன்னகையோடு சொல்கிறார்: “எனக்குத் தெரியாதாம்மா?”

இந்த முடிவை எழுதியதும் என் கண்ணிலேயே நீர் வந்தது. அதனாலேயே கிழித்தேன். என் கணவருக்கு நடிக்க வராது. என் பிறந்தநாளுக்கு எதையாவது வாங்கி ஒளித்துவைத்தால், ஒளித்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கைக்கு வயதாகிவிட்டது என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் நடிப்பு இல்லை. அதைக் கேட்டவள் நான்.

முடிவு இ: நான் கண்ணீரோடு உண்மையைச் சொல்கிறேன். அவர் மன்னிக்கிறார். பல் டாக்டரும் வந்து சேர, மூவரும் அளவாகச் சாப்பிடுகிறோம், எல்லோரும் மத்திமமாக

எனக்கு மத்திமம் வேண்டாம். தட்டைத் துடைத்துச் சாப்பிடுகிற ஆள் வேண்டும்.

8

டாக்டரை ஞாயிற்றுக்கிழமைவரை காக்கவைக்க முடியாது. ஏழாம் பகுதியை எழுதி முடித்ததும் கிளினிக்குக்குப் போன் செய்தேன்.

“டாக்டர், எங்க வீட்டுக் கல்லு பொய்.”

“என்ன மேடம்?”

“சார் சாப்பிடறது நீங்க நினைக்கற அளவு இல்ல. அதைவிட ஜாஸ்தி. நான்தான் கல்லுல ஈயம் வெச்சேன். அவருக்குத் தெரியாது.”

பின்னணியில் பல்லைத் துளைக்கும் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

“அப்ப எனக்கு மன உறுதி இல்லாம இல்ல?”

“உங்களுக்கு இருக்கற உறுதி எங்க வீட்டுல யாருக்கும் இல்ல டாக்டர். சாப்பாடுதான் பத்தல.”

“ஒரு நிமிஷம் மேடம்.” போனைப் பொத்திக்கொண்டு அவர் உள்ளே யாரிடமோ சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: “சிஸ்டர், கீழ கடைல எனக்கு ஒரு ரொட்டி ஆம்லெட் சொல்லுங்க. ரெண்டா சொல்லுங்க.” பிறகு என்னிடம்: “சாருக்கு எப்ப சொல்லப் போறீங்க?”

“சாயங்காலம் வாசிப்பார். கதையா எழுதியிருக்கேன்.”

“நான் விழுந்தது வருதா அதுல?”

“வருது.”

“பேஷன்ட் மேலன்னு போடாதீங்க மேடம். பக்கத்துலன்னு போடுங்க. தொழில் பண்ணணும்ல.”

சரி என்றேன். போடவில்லை. கதை எழுதுகிறவர்களை நம்பக்கூடாது.

9

இனி வரும் வரிகள் முதல் வரிசையில் இருப்பவருக்கு மட்டும். மற்றவர்கள் ஜன்னல் பக்கம் பார்க்கலாம். பார்க்கமாட்டீர்கள், தெரியும். இதைச் சொல்ல எழுத்து நடை ஒத்துவரவில்லை, வீட்டில் பேசுகிற மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

என்னங்க, பென்சிலைக் கீழ வைங்க. மூணு கல்லையும் மேசை மேல கவிழ்த்து வெச்சிருக்கேன். நகத்தால சுரண்டினா மெழுகு வந்துடும், அதுக்கடியில ஈயம், அதுக்கும் அடியில உங்க முத்திரை. முத்திரைக்கு ஒண்ணும் ஆகல.

அன்னிக்குக் கல்லைக் கைல வெச்சுக்கிட்டு, கனக்குதுன்னு சொன்னீங்க. கனக்கத்தான் செஞ்சது. ஒரு வில்லை ஈயம், வேற யார் கைக்கும் தெரிஞ்சிருக்காது. உங்க கைக்குத் தெரிஞ்சது. அந்தக் கை சரியாத்தான் சொல்லுச்சு, நீங்கதான் அதை நம்பல. கல்லைச் சந்தேகப்படறதுக்குப் பதிலா உங்களைச் சந்தேகப்பட்டீங்க. ஊர்ல இருக்கற ஒவ்வொரு கல்லையும் கவிழ்த்துப் பார்க்கறவர், யாரோ ஒரு பொண்ணு அப்பான்னு சொன்னதை மட்டும் கவிழ்த்துப் பார்க்காமயே எடுத்துக்கிட்டீங்க.

உங்க கைக்கு வயசாகல. இதைச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு பக்கம்.

ஈயம் வெச்சதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டேன். அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு நின்னேன் பாருங்க, அதுக்குக் கேக்கறேன். இனிமே உங்க கல்லைத் தொடமாட்டேன். பித்தளைக் கல்லை எடுக்கறதுன்னா எடுங்க, ஈயத்தைச் சுரண்டிட்டுப் பழைய அளவுலயே சாப்பிடறதுன்னாலும் சாப்பிடுங்க. உங்க உடம்பு. ஆனா அந்தப் பதினஞ்சு வருஷத்தை நான் உங்ககிட்ட கேக்கவே இல்ல. எனக்கு வேணும்கறது என் எதிர்ல ஒரு ஆள், தட்டைத் துடைச்சுச் சாப்பிடற ஆள். எத்தனை வருஷம் கிடைக்குதோ அத்தனை வருஷம். அதுல ஒரு நாளைக்கூட எடை போட்டு வாங்க மாட்டேன்.

10

மற்றவர்கள் திரும்பலாம்.

இதற்குக் கீழே கால் பக்கம் வெற்றிடம் விட்டிருக்கிறேன், அவருடைய பென்சிலுக்காக. அச்சில் நீங்கள் பார்க்கும்போது அது வெறுமையாக இருந்தால், அவர் எதுவும் எழுதவில்லை என்று முடிவு கட்டவேண்டாம். எழுதியதை நான் கொடுக்காமலும் இருந்திருப்பேன். இத்தனை பக்கம் எங்கள் மேசையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டிவிட்டேன், கடைசி வேளையையும் காட்டவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்களுக்கு ஒரு முடிவு வேண்டுமென்றால், உங்கள் வீட்டில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் தட்டைப் பார்த்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துவிட்டது. எடை போடவில்லை. கவிழ்த்த கற்கள் மேசையில் இருக்கின்றன, பக்கத்தில் இந்தத் தாள்கள், இரண்டு தட்டுகள்.

படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கிறது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிற்கவில்லை.

நான் கதவைத் திறக்கப் போகிறேன். நீங்கள் வெளியிலேயே இருங்கள்.